ஏலத்தில் வந்த ஹெரால்டு

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு அதைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மற்ற ஏலங்களில் வாங்குகிறவன் விலையை இறக்கப் பார்ப்பான். இங்கே வாங்குகிறவனே ஏற்றுவான். ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்கு வெளியே ஷாமியானா போட்டு, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், வாழைத்தார், உயிர்க்கோழி, வீட்டில் செய்த கேக் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நாற்பது ரூபாய்ப் பூசணி நானூறுக்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வந்து இன்னொரு முந்நூறைச் சபைக்குச் சேர்த்துவிட்டுத்தான் யாராவது வீட்டுக் குழம்புக்குப் போகும். பணம் ஆண்டவருக்கு என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

இந்த ஏலத்தில் ஏற்றிவிடுகிறவர்கள் என்று ஒரு வகை உண்டு. அவர்களுக்குப் பொருள் வேண்டாம். விலை படுத்துக்கொண்டால் அதைத் தட்டி எழுப்புவது மட்டுமே அவர்கள் ஊழியம். ஐம்பது என்றால் நூறு என்பார்கள், எதிராளி நூற்றைம்பது என்றதும் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். முடிச்சூர் பக்கத்துச் சபை ஒன்றில் இந்த ஊழியத்தை வருஷக்கணக்காக விபத்தில்லாமல் செய்துவந்தவர் ஏசுதாசன்.

ஏசுதாசன் ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் மூட்டையை எடை போட்டு இவ்வளவு கட்டணம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். எந்தப் பொருளுக்கு என்ன பெறும் என்று தனக்குத் தெரியும் என்கிற நம்பிக்கை அவருக்கு நிறையவே இருந்தது. மற்றபடி தங்கமான ஆள். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நாற்காலி இறக்குகிறவர் அவர்தான்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்குச் சபையிலேயே பெரிய டாக்டர் குடும்பம் ஒன்று, இறந்துபோன அப்பாவின் பழைய காரைக் காணிக்கையாகக் கொடுத்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதே பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு காலத்தில் செய்து அனுப்பிய வண்டி. ஷெட்டில் இருந்ததை அப்புறப்படுத்த லாரிக்காரன் கேட்ட கூலி அதிகம் என்பதால்தான் காணிக்கை மனம் வந்தது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். டயர் நான்கும் தரையோடு ஒட்டியிருந்தன. டிரைவர் சீட்டின் கீழே தரை தெரிந்தது. உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருந்ததாகவும், கொண்டுவருவதற்கு முந்தின நாள்தான் அதைக் குடி எழுப்பினார்கள் என்றும் கேள்வி.

சபைச் செயலாளர் பென்னி ஏலக் கோலைத் தூக்கினார். பத்தாயிரத்தில் ஆரம்பம். அஸ்தினாபுரத்தில் மனை வியாபாரம் பார்க்கும் சுவிசேஷமுத்து பதினைந்து என்றார். சுவிசேஷமுத்துவிடம் பணம் இருக்கிறது, இடமும் இருக்கிறது, இந்த வண்டியை நிச்சயம் எடுத்துக்கொண்டு போவார் என்று ஏசுதாசன் கணக்குப் போட்டார். இருபது என்றார். சுவிசேஷமுத்து இருபத்தைந்து. ஏசுதாசன் முப்பது. பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி பியூலா திரும்பிப் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பது என்று ஏறியது. கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. கைதட்டல் கேட்டால் ஏசுதாசனுக்குக் கொஞ்சம் மப்பு ஏறும். நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு, வழக்கம் போல வானத்தைப் பார்த்தார்.

சுவிசேஷமுத்துவும் வானத்தைப் பார்த்தார்.

பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு அவரும் ஏற்றிவிடத்தான் வந்திருந்தார். ஏசுதாசன் அண்ணனுக்கு அந்த வண்டிமேல் ஒரு கண் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். சபைக்கு முன்னால் சொன்ன விலையை மாற்ற முடியுமா? பென்னி மூன்று தரம் சொல்லிக் கோலைத் தட்டினார். ஆயர் ஐயா கூட எழுந்து கைகொடுத்தார். ஏசுதாசன் சிரித்தபடி கைகொடுத்தார். அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்பது அவருக்கே இன்னும் புரியவில்லை.

இப்போது பியூலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சத்தம் போட மாட்டாள். கோபம் வந்தால் வாக்கியங்கள் சின்னதாகிவிடும். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வீட்டைத் தூக்க வேண்டும்.

இது புறநகர்க்காரர்களுக்குப் புரியும். அவர்கள் வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போக வேண்டும். அப்புறம் ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே இன்னொரு ரோடு. சில வருஷம் கழித்து அதன்மேல் இன்னொன்று. இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். பெருவெள்ளம் வந்த வருஷம் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். பியூலாவின் கல்யாண ஆல்பம், மகள் ஹெப்சியின் சின்ன வயது சட்டைகள், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் ஊறிக் கூழாகின. அன்றிலிருந்து அக்டோபர் பிறந்தால் அவளுக்குத் தூக்கம் கிடையாது. அடுத்த தெருவில் ஒரு வீட்டை அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து நான்கடி உயர்த்தினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவள் மனசும் அங்கேயே நின்றது. ஏசுதாசன் ஓய்வு பெற்றபோது வந்ததில் எட்டு லட்சத்தை அதற்கென்றே போஸ்ட் ஆபீஸில் போட்டார்கள். வீட்டைத் தூக்கிவிட்டு, மிச்சத்தில் மாடியில் ஒரு ரூம் போட்டால் ஓசூரிலிருந்து ஹெப்சி பிள்ளைகளோடு வந்து தங்கலாம் என்பது திட்டம்.

"எதுக்குங்க கை தூக்குனீங்க?" என்று மட்டும் அன்று மாலை கேட்டாள்.

"நாலு நாள்ல வித்துடறேன்."

விற்கத்தான் போனார். பழைய இரும்புக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, ஒன்பதாயிரம் என்றார். முப்பத்திரண்டாயிரம் நஷ்டம். பியூலாவிடம் போய் அந்தத் தொகையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இந்த இடத்தில் அவர் ஒன்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் திட்டு வாங்கி, விஷயத்தை முடித்திருக்கலாம். புத்திசாலி அதைத்தான் செய்வான். ஏசுதாசன் புத்திசாலிதான், ஆனால் சபை முழுக்கப் பார்க்க ஏமாந்த புத்திசாலி. நாற்பத்தொன்றை எடுத்தே தீருவது என்று முடிவு செய்தார். போன பணத்தைத் துரத்திக்கொண்டு இருக்கிற பணம் கிளம்பியது இப்படித்தான்.

பம்மலில், ஒரு காலத்தில் தோல் கிடங்காக இருந்த இடத்தில், சின்னப்பனுக்கு ஒரு ஷெட் இருந்தது. பழைய வண்டிகளைச் சரிசெய்து கொடுக்கிறவர் என்று விசாரித்து, ஏசுதாசன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ஹெரால்டில் ஒரு விசேஷம், முன்பக்கம் மூக்கு முழுவதும் ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். சின்னப்பன் அதைத் திறந்து, உள்ளே தலையை விட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"சார், பாடி தான் பூட்ச்சி. அடில கீற சேஸிஸ் கல்லு கணக்கா கீது. இத்த இரும்புக்காரன்கிட்ட குடுக்கலாம்னு எப்டி சார் மனசு வந்துச்சு?"

"எவ்ளோ ஆகும்?"

"மூணு ரூபா வெச்சிக்கோ சார். முடிச்சிட்டு வெளிய வுட்டா ஆறுக்குக் கம்மியா எவனும் கேக்க மாட்டான்."

கார் வியாபாரத்தில் ரூபாய் என்றால் லட்சம். இதை ஏசுதாசன் புரிந்துகொள்ளவே ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் அந்த ஆறு ரூபாய் அவர் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று போட்டு ஆறு எடுத்தால், வீட்டையும் தூக்கி, மாடி ரூமையும் போட்டு, பியூலாவுக்கு ஒரு செயினும் வாங்கலாம். ஏலத்தில் செய்தது தப்பே இல்லை என்றும் ஆகிவிடும். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசிச் சமாச்சாரம்தான்.

பியூலா மறுப்புச் சொல்லவில்லை. "எனக்கு வீடு தூக்கணும். அத மட்டும் மறந்துடாதீங்க" என்றாள். பிறகு, "அது வித்துப் பணம் வர்ற வரைக்கும் நான் அந்த வண்டில கால் வைக்க மாட்டேன்" என்றும் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

சின்னப்பன் ஏமாற்றுக்காரர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையைக் கேட்கிற எல்லோரும் முதலில் அவரைத்தான் சந்தேகப்படுவார்கள். வண்டியின் தரையை வெட்டி எடுத்தபோது பக்கத்துத் தகடும் கையோடு வந்தது. அதை மாற்றியபோது கதவு பொருந்தவில்லை. என்ஜினைப் பிரித்தால் உள்ளே துருவேறிய பிஸ்டன் அசைய மாட்டேன் என்றது. சிலிண்டரைக் கடைந்து, வேறு பிஸ்டன் வரவழைத்து, ஒயரிங் முழுக்கப் புதிதாக இழுத்து, கண்ணாடி ரப்பருக்கு வண்டியின் பூர்வீகமான இங்கிலாந்துக்கே எழுதிப்போட்டு, குரோம் முலாம் பூசி, சீட்டுக்குச் சிவப்பு ரெக்ஸின் தைத்து, ஒவ்வொன்றும் நியாயமான செலவு. ஒவ்வொன்றுக்கும் சின்னப்பன் போன் செய்து கேட்டுக்கொண்டுதான் செய்தார். "இம்மாம் தூரம் வந்துட்டு இத்த மட்டும் வுட்டா நல்லா இருக்காது சார்" என்பார். நல்லா இருக்காதுதான். அதுதான் பேஜார்.

பதவி உயர்வு எதற்கும் ஆசைப்படாத ஏசுதாசனுக்கு ஷெட்டுக்குப் போவது ஒரு சந்தோஷமாகிவிட்டது. ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்பார். முதலில் தகரம் விழுகிற சத்தம் வந்த கதவு, பல தடவை இழுத்துச் சரிசெய்தபின் ஒரு நாள் டப் என்று மெதுவாக மூடியது. அன்றைக்கு அவர் கண் கலங்கியதைச் சின்னப்பன் பார்த்தார், பார்க்காதது போல் இருந்துவிட்டார். ஏசுதாசன் வாழ்க்கையில் தன் விருப்பத்துக்கென்று ஒரு பொருளை முழுசாகச் செய்து பார்த்ததில்லை. பணம் வருமா வராதா என்பதைத் தாண்டி அந்த வண்டி அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதைப் பியூலாவிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை புரிந்துகொண்டிருப்பாள்.

அடுத்த வருஷம் அக்டோபரில் வண்டி வெளியே வந்தது. பாலேட்டு நிறம், சிவப்பு சீட். தெருவே எழுந்து வந்து பார்த்தது. ஏலத்தில் கொடுத்ததையும் சேர்த்து, மொத்தம் ஆறரை லட்சம் போயிருந்தது. மூன்று என்று தொடங்கியது எப்படி ஆறரை ஆயிற்று என்று இருவரும் உட்கார்ந்து பேசவேயில்லை. போஸ்ட் ஆபீஸில் ஒன்றரைதான் மிச்சம் என்பது இருவருக்கும் தெரியும்.

விற்க விளம்பரம் போட்டார். எட்டு லட்சம் என்று போட்டார். போனில் கேட்டவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வைத்தார்கள். விஷயம் தெரிந்தவர் வந்தால் இதன் அருமை தெரியும் என்று அவர் காத்திருந்தார். பழைய கார்களைச் சேகரிக்கும் பெரியவர் ஒருவர் அடையாறிலிருந்து வந்தார். எல்லாம் தெரிந்தவர். தெரிந்ததால்தான் வந்தது வினை. இந்த நிறம் கம்பெனி போட்ட நிறமில்லை, ரெக்ஸின் இந்த மாதிரி வராது, பின்விளக்கு வேறு மாடலுடையது என்று வரிசையாகச் சொல்லி, இரண்டே முக்கால் தரலாம் என்றார்.

கடைசியாகக் கோவிலம்பாக்கத்திலிருந்து எழில் வந்தாள். கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள், முப்பது வயதுக்குள் இருக்கும். வண்டியைச் சுற்றிப் பத்து நிமிஷம் போனில் படம் எடுத்துப் பார்த்தாள். ஏசுதாசன் மூடியைத் திறந்து என்ஜினைக் காட்டினார். அவள் மரியாதைக்கு எட்டிப் பார்த்தாள்.

"இன்ஜின் ஓகே சார். எனக்கு ரெண்டு கிலோமீட்டர் ஓடினா போதும். ஈ.சி.ஆர் பீச் ரோட்ல கொண்டுபோய் நிறுத்துவோம், பொண்ணும் மாப்பிள்ளையும் சாஞ்சு நிப்பாங்க, எடுப்போம். கலர்தான் எனக்கு முக்கியம். கலர் சூப்பரா இருக்கு. மூணேகால் தரேன்."

"ஆறரை செலவு பண்ணியிருக்கேன்மா. இன்ஜினுக்கு மட்டுமே ஒன்றரைக்கு மேல."

"தெரியுது சார். ஆனா நீங்க செலவு பண்ணத நான் எப்படிக் குடுக்க முடியும்? எனக்கு இந்த வண்டி என்ன சம்பாதிச்சுக் குடுக்கும்னு பாத்துதானே நான் குடுக்க முடியும்?"

குதர்க்கமாகச் சொல்லவில்லை, பாவம், உள்ளதைச் சொன்னாள். மூடிக்கு உள்ளே போட்ட பணத்துக்கு வாங்குகிறவர் கண்ணில் இடமில்லை, வெளியே அடித்த வர்ணத்துக்குத்தான் விலை. ஏசுதாசனுக்கு இது அவமானமாகப் பட்டது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பியூலா சமையலறையிலிருந்து எல்லாம் கேட்டாள். "மழை வருது" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

டிசம்பர் முதல் வாரம் புயல் என்றார்கள். புயல் என்றால் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் மேம்பாலத்துக்கு ஓடுவது இந்தப் பக்கத்து வழக்கம். வீடு மூழ்கினாலும் வண்டி மூழ்கக் கூடாது. பாலத்தின் ஓரமாக வரிசையாக நிறுத்திவிட்டு, மழை நிற்கும்வரை போய்ப் போய்ப் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர் ஏறிய வண்டி என்று தெரிந்தால் விலை பாதியாகிவிடும் என்பது ஏசுதாசனுக்கும் தெரியும். முந்தின நாளே போயிருக்கலாம். மழையில் புது வர்ணத்தை நிறுத்த மனசு வராமல் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கே தெருவில் முட்டிக்குக் கீழே தண்ணீர். ஏரி உபரிநீர் திறந்துவிட்டார்கள் என்று யாரோ கத்திக்கொண்டு போனார்கள். தண்ணீர் சேருவதற்கு முன்பே வண்டியை வாசல் சாய்வுப் பாதையில் ஏற்றித் தெரு முனையின் மேட்டில் நிறுத்தியிருந்த ஏசுதாசன் உள்ளே ஓடிவந்தார்.

"பியூலா, நீயும் வா. பாலத்துல இருந்துடலாம்."

கால் வைக்க மாட்டேன் என்று சொன்னதை விழுங்கிக்கொண்டு, அவள் பையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி அவர் பின்னால் வந்தாள். சேலை முழங்கால்வரை சேறு, தலை முழுக்க நனைந்திருந்தது. ஏசுதாசன் முன்னால் போய்க் கதவைத் திறந்தார். திறந்து, டிக்கியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, சிவப்பு சீட்டின்மேல் ஓரங்கள் செருகிப் பத்திரமாக விரித்தார்.

பியூலா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போங்க" என்றாள். "நான் எதிர்வீட்டு ஷீலா மாடிக்குப் போறேன். சாமானெல்லாம் கீழ கிடக்கு."

அவள் திரும்பி நடந்துவிட்டாள். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று அவர் கிளம்பினார். இதை எவ்வளவு இரக்கத்தோடு பார்த்தாலும், அந்த நேரத்தில் அவர் செய்தது தப்பு. அது அவருக்கும் பாலம் ஏறுவதற்குள் தெரிந்துவிட்டது. ஆனால் முன்னும் பின்னும் கார்கள், திரும்ப வழியில்லை. பெருங்களத்தூர் மேம்பாலத்தில் இடம் பிடித்து நிறுத்தி, நடந்தே திரும்பியபோது மூன்று மணி ஆகிவிட்டது. தெரு முனை மேட்டிலேயே முட்டியளவு தண்ணீர், கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

வீட்டில் அவள் இல்லை. தண்ணீருக்கு மேலே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பதில் இல்லை. அந்த நிமிஷத்தில் ஆறரை லட்சமாவது, ஹெரால்டாவது. எதிர் வீட்டு ஷீலாவின் மாடிப்படியில் பியூலா உட்கார்ந்திருந்தாள். அரிசி டிரம், பீரோத் துணி, பத்திரங்கள் வைத்த டிரங்குப் பெட்டி, மிக்ஸி, எல்லாவற்றையும் ஒருத்தியாகத் தண்ணீருக்குள் நடந்து நடந்து தூக்கி வந்து அடுக்கியிருந்தாள். கால் பெருவிரலில் நகம் பெயர்ந்து துணி சுற்றியிருந்தது.

அவரைப் பார்த்ததும், "வண்டி நனையலையே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் குத்தல் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். குத்தல் இல்லை. இருக்கிற பணமெல்லாம் அதில்தானே இருக்கிறது, அது பிழைத்ததா என்று நிஜமாகவே கேட்டாள். ஏசுதாசன் அவள் காலடியில் படியில் உட்கார்ந்து, அந்தத் துணி சுற்றிய விரலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஷீலா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து, இருவரையும் பார்த்துவிட்டு, டம்ளர்களைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

தண்ணீர் வடிந்ததும் எழிலுக்கு அவரே போன் செய்தார். அவள் வந்தாள், ஆனால் இந்த முறை தயங்கினாள். "இப்ப இந்தப் பக்கத்து வண்டின்னாலே எல்லாரும் பயப்படறாங்க சார். நாளைக்கு நான் வித்தாலும் கேப்பாங்க. ரெண்டே முக்கால்னா எடுத்துக்கறேன்."

ஏசுதாசன் சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பியூலா வெளியே வந்தாள்.

"உள்ள வந்து பாருங்கம்மா" என்று எழிலை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் சேற்றுக் கோடு நான்கு பக்கமும் ஓடியது. "இது எங்க வீட்ல ஏறுன தண்ணி. அன்னிக்கு இவர் என்னை இங்க விட்டுட்டு வண்டிய பாலத்துல ஏத்துனார். அதுல இந்தத் தண்ணி ஒரு சொட்டு பட்டிருக்காது, நான் சொல்றேன்."

எழில் கோட்டைப் பார்த்தாள், பியூலாவின் கால் கட்டைப் பார்த்தாள், பிறகு வாசலில் தலை குனிந்து நின்ற ஏசுதாசனைப் பார்த்தாள். "மூணேகாலே தரேன்க்கா" என்றாள். ஏசுதாசனின் வாழ்நாளில் அப்படி ஒரு சாட்சி யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அப்படி வெட்கப்பட்டதும் இல்லை.

வண்டி போன அன்று அவர் தெருமுனை வரை கூடவே போய்விட்டு வந்தார். எழிலுக்கு அந்தக் காலத்து ஹாரன் பிடிக்கவில்லை, சத்தம் அதிகம் என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதைத் துடைத்து வைத்தார்.

ஜனவரியில் வீட்டைத் தூக்கினார்கள். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகள், விசில் அடித்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரு சுற்று. நாளுக்கு அரையடி போல வீடு ஏறியது. மாடி ரூமுக்குப் பணமில்லை. ஹெப்சி போனில், "பரவால்லப்பா, கூடத்துல படுத்துக்கறோம்" என்றாள். தெருவிலிருந்து ஐந்து படி ஏறி உள்ளே போன அன்று, பியூலா ஜன்னலோரம் நின்று கீழே ரோட்டை வெகுநேரம் பார்த்தாள். அன்று மத்தியானமே ஆழ்ந்து தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏசுதாசன் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து வைத்தார்.

பிப்ரவரியில் மறுபடி அறுப்பின் பண்டிகை. ஏசுதாசன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வரிசை முழுக்கச் சிரித்தது. காணிக்கையாக அவர் கொண்டுவந்தது அந்த ஹாரன். பென்னி அதைத் தூக்கிப் பிடித்து, நூறு ரூபாய் என்று ஆரம்பித்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதை வைத்து யார் என்ன செய்ய? விலை படுத்துக்கொண்டது. ஏசுதாசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐநூறு" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். பியூலாவின் கை உயர்ந்திருந்தது. சுவிசேஷமுத்து பழக்க தோஷத்தில் அறுநூறு என்றார். பியூலா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆயிரம்" என்றாள். சுவிசேஷமுத்து இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை, ஏசுதாசனைப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார். பென்னி மூன்று தரம் சொல்லிக் கோலைத் தட்டினார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஹாரன் பியூலாவின் மடியில் இருந்தது.

"எதுக்கு பியூலா கை தூக்குன?" என்று மெதுவாகக் கேட்டார் ஏசுதாசன்.

"அந்த வண்டில நான் ஏறவே இல்லயே" என்றாள். "நீங்க அவ்ளோ ஆசையா பண்ணது. ஏதாவது ஒண்ணு வீட்ல இருக்கட்டும்." கொஞ்ச தூரம் போனதும், "வாசல்ல கீழ மாட்டுங்க. வர்றவங்க அஞ்சு படி ஏறணும்ல, அங்கயே நின்னு அடிக்கட்டும்" என்றாள்.

அவர் தலையாட்டினார். முடிச்சூர் ரோட்டின் பள்ளங்களில் ஆட்டோ தூக்கிப் போட்டபோதெல்லாம், அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.